நுரை ஏறாத குழாய்

சிங்கப்பூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை முதலாளி நேராக என் பில் மேசையில் கொண்டுவந்து வைத்தார். நான் அப்போது ஒரு கல்யாண வீட்டுக்காரருக்கு வேட்டிகளை எண்ணி பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

“ஏலே பட்டதாரி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு. மச்சான் குடுத்துவிட்டிருக்காரு. இத மாட்டுனா மீனு சாகாதாம்.”

கல்யாண வீட்டுக்காரரும் என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்தார். பெட்டியின் மேல் ஒரு படம். கண்ணாடி போன்ற நீளக் குழாய், அதன் தலையில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் காப்பி நுரை மாதிரி ஏதோ. கீழே ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். முதல் சொல் எனக்குத் தெரியும், புரோட்டீன். இரண்டாவதை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, “புரதச் சத்து சம்பந்தப்பட்ட மிஷின் மொதலாளி” என்றேன்.

“மீனுக்குச் சத்து குடுக்குமோ?”

“ஆமா” என்று சொல்லிவிட்டேன்.

கல்யாண வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். முதலாளியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்த பிறகு என் சொல்லைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.

எங்கள் வீடு செட்டியார்பட்டியில். அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தார், அம்மா களை எடுக்கப் போவாள். இரண்டு பேருக்கும் கைநாட்டுதான். எங்கள் ஆட்களில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்படியே ராஜபாளையத்தில் கல்லூரிக்கும் போய், தமிழ் வழியில் விலங்கியல் படித்து முடித்தேன். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் இருந்த இந்த ஜவுளிக்கடையில் பில் எழுத ஆள் கேட்கிறார்கள் என்று வந்தபோது, முதலாளி கணக்குப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“விலங்கியல்னா அதுல மீனு உண்டுமா?”

“உண்டு. சுறாவை அறுத்துப் பாத்திருக்கேன்.”

அது ஃபார்மலினில் ஊறிய சுறா என்று நான் சொல்லவில்லை. நான் படித்த மீனெல்லாம் செத்துப்போன மீன்கள்தான். அவருக்கு வேண்டியிருந்ததோ உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த ஆள்.

முன்னால் கடை, பின்னால் அவர் வீடு, நடுவில் ஒரு ஹால். அந்த ஹாலில்தான் தொட்டி இருந்தது, நாலடி நீளம். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வியாபாரத்துக்கு இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மத்தியானத் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த அரை மணி நேரம் சமையல்கார அக்காகூடப் பாத்திரத்தை ஓசையில்லாமல்தான் வைப்பாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன்கள். சங்கு குளிக்கும் ஆள் ஒருவர் பிடித்துக் கொடுத்தவை. ஏழாக வந்தன. பெட்டி வந்த சமயத்தில் மூன்று மிச்சம் இருந்தன.

அதுவரை அவற்றைக் காப்பாற்றியது தூத்துக்குடி உப்பு லாரி. உப்பு மூட்டையோடு இரண்டு கேனில் கடல் தண்ணீரும் வரும். பழைய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டு அதை ஊற்றுவோம். ஐப்பசி பிறந்து மழை விழுந்ததும் உப்பளங்களில் வேலை நின்றுபோனது. லாரியும் நின்றது. தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

“இந்த மூணும் போச்சுன்னா தொட்டிய ஒடச்சுப் போட்டுருவேன்” என்று முதலாளி சொன்னார். “இனி ஒரு உயிரக் கடல்ல இருந்து கொண்டாந்து கொல்லுத வேல எனக்கு வேண்டாம்.”

அன்றைக்கு வீடு திரும்பும்போது ராஜபாளையம் பஸ்ஸில் உட்கார்ந்து, மடியில் அகராதியை வைத்துக்கொண்டு மிஷினோடு வந்த தாளைப் படித்தேன். இரண்டாவது சொல்லுக்கு அர்த்தம் பாலில் ஆடை எடுப்பது போல எடுத்துவிடுவது என்று போட்டிருந்தது. திரும்பவும் பார்த்தேன். அதேதான். அதாவது இந்த மிஷின் புரதத்தைக் கொடுக்காது. எடுக்கும். எடுத்து மேலே கிண்ணத்தில் கொட்டும். அதை நாம் வெளியே கொட்ட வேண்டும்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் படித்திருக்கிறேன். வயிறு வீங்கி, கால் சூம்பிப்போன ஒரு குழந்தையின் படம். அந்த நோயின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதியதற்கே எனக்குத் தனி மார்க் விழுந்தது. சத்துணவில் முட்டை போட்டது எதற்கு? புரதத்துக்கு. அப்படியிருக்க, ஊரெல்லாம் இல்லை என்று ஏங்கும் ஒன்றைத் தேடிப் பிடித்து வெளியே கொட்ட ஒரு மிஷின் செய்வார்களா? செய்தாலும் அதை விலை கொடுத்து வாங்குவார்களா? தாளை நான்தான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று தெரியவில்லை. சத்து கொடுக்கும் என்று முதலாளியிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

மறுநாள் மாட்டினேன். பிளக்கின் மூன்று கால்களும் தட்டையாக இருந்தன. நம் ஊர்ச் சுவரில் எந்த ஓட்டைக்குள்ளும் அவை போகாது. அறுத்துவிட்டு வேறு பிளக் மாட்டினேன். குழாயைத் தொட்டியின் ஒரு மூலையில் நிறுத்திக் கட்டினேன். வெளியே இருக்கும் சின்ன மோட்டார் ரப்பர் குழாய் வழியாகக் காற்றைக் கீழே தள்ளும், குமிழி மேலே வரும், நுரையாகிக் கிண்ணத்தில் ஏறும் என்று படத்தில் இருந்தது. பெட்டிக்குள் விரல் அளவில் ஒரு மரக்கட்டையும் கிடந்தது. சாமான் ஆடாமல் இருக்க வைத்தது போல என்று எடுத்துப் போட்டுவிட்டு, சாதாரண மீன் தொட்டிக்குப் போடும் வெள்ளைக் கல்லைக் காற்றுக் குழாயின் நுனியில் செருகினேன். உலை கொதிப்பது போலப் பெரிய பெரிய குமிழியாக வந்தது. இரண்டு நாள் பார்த்தும் நுரை மட்டும் வரவில்லை.

தாளை மறுபடி பார்த்ததில் அந்தக் கட்டைக்கும் ஒரு நம்பர் போட்டிருந்தது. காற்று அதன் வழியாகத்தான் போக வேண்டுமாம். தேடினால் கட்டையைக் காணோம்.

“அதுவா?” என்றாள் சமையல்கார அக்கா. “சன்னக் கதவு ஆடிக்கிட்டே கெடந்துச்சு. செருகிட்டேன்.”

சமையலறை ஜன்னலில் இருந்து அதைப் பிடுங்கி மாட்டியதும் குழாய் முழுவதும் பால் மாதிரி வெளுத்தது. அவ்வளவு பொடிக் குமிழி. மறுநாள் காலை பதினொரு மணிக்கு அக்காவின் குரல் கடை வரை கேட்டது.

“ஏ தம்பி! ஒம் மிஷினு வாந்தி எடுத்துருக்கு. வந்து பாரு.”

நுரை பொங்கி, கிண்ணம் நிறைந்து, சுவரில் இறங்கி, ஹால் பாதி ஈரம். அழுகிய நாற்றம். முதலாளி சாப்பிட வருவதற்குள் இருவரும் சேர்ந்து துடைத்தோம். அக்கா பிழிந்த துணியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இதத்தான் சத்துன்னு அவியகிட்டச் சொன்னியா?”

“புதுசுல்லா அக்கா, அப்படித்தான் இருக்கும். நான் கடையில இருக்கப்போ நொரை பொங்கி வந்தா செத்த பாத்துக்கோங்க. வழிஞ்சிரக் கூடாது.”

“இம்புட்டுத்தான? நான் பாத்துக்கிடுதேன், நீ போ.”

அதற்குப் பிறகு நுரை வழியவில்லை. ஏறவும் இல்லை. காலையில் நான் வரும்போது குழாயின் கழுத்து வரை லேசாக ஏறி நிற்கும். மத்தியானம் பார்த்தால் சுத்தமாக அடங்கி, வெறும் குமிழி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கிண்ணம் காய்ந்து கிடக்கும். குழாயை உயர்த்திப் பார்த்தேன், தாழ்த்திப் பார்த்தேன். மோட்டாரைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். கரண்டு போய் வருவதாலோ என்று ஒரு வாரம் கரண்டு போகும் நேரங்களைப் பில் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்தேன். கரண்டு போகாத நாளிலும் அடங்கியது.

உண்மையைச் சொன்னால், நுரை அடங்கியதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது. எடுக்கிற மிஷின் எடுக்காமல் இருந்தால் மீனுக்கு நல்லதுதானே? இருந்தாலும் அன்றைக்கு வழிந்ததில் எவ்வளவு புரதத்தைக் கொட்டித் தொலைத்தோமோ என்று பயந்து, அதை ஈடுகட்ட ஒரு காரியம் செய்தேன். அக்காவிடம் அவித்த முட்டை ஒன்று வாங்கி, மஞ்சள் கருவைப் பொடித்துத் தினமும் ஒரு சிட்டிகை தொட்டியில் தூவினேன். முதலாளிக்குத் தெரியாமல்தான்.

தண்ணீர் கஞ்சி போலக் கலங்கியது. நாலாம் நாள் ஒரு மீன் மிதந்தது. அன்றோடு முட்டையை நிறுத்தினேன்.

முதலாளி அதை ஒரு பழைய துணித் துண்டில் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, “மிஷினு ஓடுதுல்லா?” என்றார்.

“ஓடுது மொதலாளி.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அடுப்படிப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அம்மா பருப்பு வேகப் போட்டிருந்தாள். நுரை பொங்கி மூடியைத் தள்ளியது. அம்மா பேசிக்கொண்டே எண்ணெய்ச் சட்டியில் விரலைத் தொட்டு ஒரு சொட்டு விட்டாள். நுரை அப்படியே உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி அது. அன்றைக்குத்தான் எழுந்து நின்று பானைக்குள் குனிந்து பார்த்தேன்.

“என்னடா, பருப்ப இதுக்கு முன்ன பாத்ததில்லையா?”

எண்ணெய். தொட்டியில் எண்ணெய் இருந்தால் நுரை அடங்கும். அதுவரை சரி. ஆனால் ஹாலில் இருக்கும் தொட்டிக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? மாற்றி மாற்றி யோசித்ததில் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. என் தலை. தினமும் காலையில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து வழித்துச் சீவிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அதே கையைத்தான் தொட்டிக்குள் விடுகிறேன்.

மறுநாளிலிருந்து எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“எண்ணெ காணாத தலையோட போறியே, எழவு விழுந்த துட்டி வீட்டுக்கா போற? பாக்குறவுக என்ன நெனப்பாக?”

“மீனுக்கு ஆகாதும்மா.”

“மீனு ஒன் தலையிலயா நீந்துது?”

ஆனால் பலன் கண்டது. மூன்றாம் நாள் நுரை கிண்ணத்தில் ஏறியது. நாலாம் நாள் கிண்ணத்தின் அடியில் பழுப்பாகத் தண்ணீர் நின்றது. தொட்டியில் கலங்கல் குறைந்து, இரண்டு மீன்களும் மேலே வந்து தின்றன. முதலாளி என் பரட்டைத் தலையைப் பார்த்து, “காத்து கறுப்பு அண்டுனவன் மாதிரி இருக்கியேடா” என்று சிரித்தார். நான் பெருமையாக நின்றேன். எடுத்தால் மீன் தெம்பாக இருக்கிறது, எடுக்காவிட்டால் சாகிறது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. ஏன் என்பது தெரியவில்லை. தெரிந்த மாதிரி நின்றேன்.

அந்த நாட்களில் சமையல்கார அக்கா ஊரில் இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்து சேத்தூருக்குப் போயிருந்தாள். முதலாளி வீட்டம்மாதான் சமைத்தார்கள். இதை நான் அப்போது ஒரு தகவலாகக்கூட எண்ணவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா மிட்டாய்ப் பொட்டலத்தோடு திரும்பினாள். மறுநாள் மத்தியானம் குழாயில் நுரை செத்துக் கிடந்தது.

நான் தலையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்த வைக்கோல் மாதிரிதான் இருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். பிறகு சோப்பு ஆகாதோ என்று வெறும் தண்ணீரில் கழுவினேன். பஸ் கம்பியைப் பிடித்த கை என்பதால் இருக்குமோ என்று கம்பியைத் தொடாமல் நின்றுகொண்டே வந்து, ஒரு திருப்பத்தில் கண்டக்டர் மேல் விழுந்தேன். எதற்கும் நுரை வரவில்லை. அந்த வாரக் கடைசியில் இன்னொரு மீன் போனது.

முதலாளி இந்தமுறை புதைக்கப் போகவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டார். மிஞ்சிய ஒன்று கல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. “ஒத்தையா நிக்குது பாரு” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் கடையில் கூட்டம் இல்லை. பதினொரு மணி வாக்கில் தொட்டியைப் பார்க்கலாம் என்று ஹாலுக்குப் போனேன். அக்கா தொட்டியோரம் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் கிண்ணத்தின் மூடி. இன்னொரு கை விரலிலிருந்து ஒரு சொட்டு குழாய்க்குள் விழுந்தது. பக்கத்தில் நல்லெண்ணெய்க் கிண்ணம்.

“அக்கா, என்ன பண்றீங்க?”

அவள் பதறவே இல்லை. “பொங்கி வந்துச்சு. ஒரு சொட்டு விட்டா அடங்கிரும். பருப்புக்கு விடுதோம்லா, அது மாதிரிதான்.”

“எம்புட்டு நாளா விடுதீங்க?”

“நீ பாத்துக்கோங்கன்னு சொன்ன அன்னையில இருந்து. ஒரு நா தவறுனதில்ல. சேத்தூருக்குப் போறப்போ மட்டும் அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போக மறந்துட்டேன்.”

நான் முதலாளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நுரை வந்தால்தான் மிஷின் வேலை செய்கிறது என்று அர்த்தம், நுரைதான் வேண்டும் என்று சொன்னேன்.

“நொரை வேணும்னா பொறவு எதுக்கு வழியக் கூடாதுன்ன?”

“பொங்கணும் அக்கா. ஆனா வழியக் கூடாது.”

“அது எப்படிப்பா? பொங்குனா வழியத்தான செய்யும்? நான் அறுபது பேருக்கு ஆக்குனவ. பொங்கியும் வழியாத ஒண்ண இன்னும் பாக்கல.”

பிறகு அவளே எண்ணெய்க் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அப்போ அந்த ரெண்டு மீனும் என்னாலயா போச்சு?”

“மொதல்ல போனது என் முட்டையால அக்கா.”

“முட்டை நான் குடுத்ததுல்லா.”

யாருடைய கணக்கில் எது என்று எங்களுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மத்தியானம் முதலாளி வந்து உட்கார்ந்ததும் எதிரே போய் நின்றேன். எங்கிருந்து தொடங்குவது என்று குழம்பி, பெட்டி வந்த நாளிலிருந்தே தொடங்கினேன். சத்து கொடுக்கும் என்று நான் சொன்னது தப்பு, அன்றைக்கே பஸ்ஸில் தெரியும் என்றேன். முட்டையைச் சொன்னேன். வழியக் கூடாது என்று நான் சொன்னதால்தான் அக்கா எண்ணெய் விட்டாள் என்றும் சொன்னேன். அக்கா சமையலறை நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்போ இது சத்த எடுக்கதா?”

“ஆமா மொதலாளி.”

“பொறவு மீனு எதத் தின்னும்?”

“நாம போடுறதத் தின்னும். தின்னது போக மிச்சமும், அது கழிச்சதும் தண்ணியில கரையும். அந்தக் கரைஞ்சதுதான் புரதம். அது அழுகுனா விஷம். அழுகுறதுக்கு முன்ன மிஷினு எடுத்துரும். அப்படின்னு நெனைக்கேன்.”

“நெனைக்கியா, தெரியுமா?”

“நெனைக்கேன்.”

அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கல்லுக்குப் பின்னால் ஆரஞ்சு வால் மட்டும் தெரிந்தது.

“அன்னைக்கும் நெனைக்கேன்னு சொல்லியிருந்தா, மச்சானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பேன்லா.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு காலிக் கேன்களை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.

குழாயைக் கழற்றி நான் கழுவ உட்கார்ந்தேன். அக்கா வந்து பிடுங்கிக்கொண்டாள். “எண்ணெப் பிசுக்கு எடுக்க நீ படிச்சிருக்கியா? தள்ளு.” சோப்பு மட்டும் வேண்டாம் என்றேன். வெந்நீர் ஊற்றி, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து, மறுபடி வெந்நீர் ஊற்றி, விரலால் தேய்த்துக் கிறீச் என்று சத்தம் வரும் வரை விடவில்லை. மரக்கட்டையைத் தனியாக வெந்நீரில் போட்டு எடுத்தாள்.

முதலாளி மறுநாள் திரும்பினார். மழையில் நனைந்து, இரண்டு கையிலும் கடல் தண்ணீர்க் கேன். மண்ணெண்ணெயா என்று கேட்டு வழியில் இரண்டு பஸ்ஸில் ஏற்ற மறுத்துவிட்டார்களாம். ஒரு கண்டக்டரிடம் கேனைத் திறந்து, விரலில் தொட்டு நக்கிக் காட்டிய பிறகுதான் ஏற விட்டார்களாம். பழைய தண்ணீரை இறைத்து அதை ஊற்றும்போது ஹால் முழுக்க ஒரு வாசனை வந்தது. நான் கடலை அதுவரை பார்த்ததில்லை. அவர் கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை உதறினார்.

இரண்டு நாள் மீன் கண்ணிலேயே படவில்லை. கல்லை நகர்த்திப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. செத்திருந்தால் அதை நான்தான் முதலில் பார்ப்பேன் என்று பயம். குழாயில் குமிழி ஓடியது, நுரை இல்லை. மூன்றாம் நாள் கழுத்து வரை ஏறியது. அஞ்சாம் நாள் நான் பஸ் இறங்கிப் போனபோது கிண்ணத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பழுப்புத் தண்ணீர். மூடியைத் திறந்து முகர்ந்தேன். அவ்வளவு நாற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கும் முகர்ந்ததில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் ஓடினேன். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

முதலாளி குனிந்து முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மறுபடி குனிந்து பார்த்தார்.

“இதுலயாடா அது இம்புட்டு நாளு நீந்துச்சு?”

அவரே எழுந்து ஹாலுக்கு வந்தார். உலர்ந்த இறால் பொடியில் ஒரு சிட்டிகை போட்டார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கல்லுக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு மூக்கு வந்தது, பட்டை வந்தது, வால் வந்தது. ஒரு துணுக்கை வாயில் கவ்விக்கொண்டு திரும்ப உள்ளே போனது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். இன்னும் மத்தியானம் ஆகவில்லை, கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள். இருந்தும் உட்கார்ந்தார்.

அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றாள். நான் கிண்ணத்தைக் கழுவி மாட்டிவிட்டு வந்தேன். நுரை மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியது.

“தம்பி, இப்ப இது பொங்குதா, வழியப் போகுதா? பாத்துச் சொல்லிட்டுப் போ. எனக்கு வெளங்க மாட்டேங்கு.”

குனிந்து பார்த்தேன். நுரைக்கும் கிண்ணத்தின் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது.

“பொங்குது அக்கா” என்றேன். முதலாளி திரும்பிப் பார்த்தார். “நெனைக்கேன்” என்று சேர்த்துக்கொண்டேன்.